மனச்சோர்வு ஏன் கை கால் குடைச்சலாக வருகிறது?

ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் நிற்கும் எழுபது வயதுப் பாட்டியிடம் என்ன செய்கிறது என்று கேளுங்கள். மனசு சரியில்லை என்று சொல்ல மாட்டார். "கை கால் குடைச்சல், உள்ளங்கால் எரிச்சல், ஒரு சத்து ஊசி போட்டு விடுங்க" என்பார். பரிசோதித்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. "கெழவி நடிக்குது" என்று வீட்டில் பேச்சு கிளம்பும்.

நடிப்பில்லை, வலி நிஜம். மூட்டிலிருந்து கிளம்பும் வலிச் செய்தி முதுகுத்தண்டு வழியாக மூளைக்கு ஏறுகிறது. மூளைத்தண்டிலிருந்து இறங்கும் சில நரம்புகள் செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களைச் சுரந்து, அந்தச் செய்தியில் ஒரு பங்கை வழியிலேயே அமுக்கிவிடுகின்றன. மனநிலையைச் சீராக வைப்பதிலும் இதே இரண்டுக்கும் பங்குண்டு. மனச்சோர்வில் இந்தக் காவல் தளர்கிறது. பல வருஷமாகத் தேய்ந்துகொண்டிருந்த முட்டி, இப்போதுதான் உயிரை வாங்குகிறது.

சத்து ஊசியையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. பி12 குறைபாடும் தைராய்டு சுரப்புக் குறைவும் இதே சோர்வைத் தரும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை அவசியம். அவை சரியாக இருந்தால் தூக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு, காலையில் எழவே பிடிக்காத பாரம், சாயங்காலம் கொஞ்சம் தேவலை என்றால் மனச்சோர்வைச் சந்தேகிக்கலாம்.

மறதியும் சேர்ந்துகொள்ளும். மறதி நோய் உள்ளவர் பெரும்பாலும் எதையாவது சொல்லிச் சமாளிப்பார். சோர்ந்திருப்பவர் "தெரியல, விடு" என்பார்.

மனச்சோர்வுக்கான மாத்திரை முழுப் பலன் காட்ட நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாளே "கேக்கல" என்று நிறுத்துவதுதான் வழக்கமான தப்பு. வயதானவர்களுக்கு இந்த மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கமும் குழப்பமும் வரலாம், அதுவும் ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு. அதனால் குறைந்த அளவில்தான் தொடங்குவார்கள்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-லிருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. வருகிறவர், "ரெண்டு வாரமா மனசு பாரமா இருக்கா? எதிலயும் பிடிப்பில்லாம இருக்கா?" என்றும் கேட்டால் பாதி வேலை முடிந்தது என்பேன். "இனி இருந்து என்ன ஆகப் போகுது" என்று பதில் வந்தால் அதைப் புலம்பல் என்று தள்ளக் கூடாது. கொட்டகையில் இருக்கும் பூச்சிமருந்தைப் பூட்டி வைத்துவிட்டு, ஆளைத் தனியே விடாமல், அன்றைக்கே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணமில்லை.