பாலிசியில் யாரும் படிக்காத வரையறைப் பக்கங்கள்

கிளைம் நிராகரிக்கப்பட்ட கடிதத்தோடு வருபவர்களிடம், காப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக நான் முதலில் கேட்பது பாலிசியின் முழுப் பிரதியைத்தான். காப்பீட்டுத் தொகை, பிரீமியம், நாமினி பெயர் ஆகியவற்றைச் சரிபார்த்த கையோடு பெரும்பாலானோர் அதை மடித்து வைத்துவிடுகிறார்கள். பணம் கிடைக்குமா, கிடைக்காதா என்பதைப் பல நேரங்களில் தீர்மானிப்பதோ ‘வரையறைகள்’ என்ற பகுதி.

‘மருத்துவமனையில் சேர்த்தல்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் காய்ச்சலுக்காகக் காலை 10 மணிக்குச் சேர்ந்து, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு, மறுநாள் காலை 7 மணிக்கு வீடு திரும்பினால், ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததாகத்தான் வீட்டில் சொல்வார்கள். பாலிசியின் வரையறையோ தொடர்ச்சியாகக் குறைந்தது 24 மணி நேர உள்நோயாளிச் சிகிச்சையைக் கேட்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் பதிவாகியிருப்பது 21 மணி நேரம். அதே பாலிசியில், சில மணி நேரத்தில் முடிந்துவிடும் கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கிடைக்கும், ஏனெனில் அது ‘பகல்நேரச் சிகிச்சை’ என்ற வேறொரு வரையறைக்குள் வருகிறது.

‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்பதில்தான் தகராறு மிகுதி. உடலில் எப்போதோ தொடங்கிய எல்லா நோயும் இதில் அடங்கும், அதனால் பணம் கிடைக்காது என்று அஞ்சிப் பலர் கிளைம் கேட்காமலேயே இருந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024இல் திருத்திய வரையறையின்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த நோயோ, அந்தக் காலத்தில் மருத்துவரின் ஆலோசனைக்கோ சிகிச்சைக்கோ உட்பட்ட நோயோதான் இதில் சேரும். இந்தக் கால எல்லை முன்பு 48 மாதங்களாக இருந்தது.

நீதிமன்றமும் வரையறையை எளிதில் தாண்டிச் செல்வதில்லை. கொள்ளைக்கு எதிரான ஒரு பாலிசி, வன்முறையாலோ பலப்பிரயோகத்தாலோ நுழைந்து அல்லது வெளியேறிச் செய்யப்படும் திருட்டையே ‘கொள்ளை’ என்று வரையறுத்திருந்தது. சரக்கு திருடுபோனது உண்மையாயினும் பலப்பிரயோகம் நடக்காததால் இழப்பீடு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. மொசாம்பிக்கில் மலேரியாவால் இறந்த ஒருவரின் வழக்கில், அந்நோய் பரவலாக உள்ள நாட்டில் கொசுக்கடியால் நேர்ந்த மரணத்தை ‘விபத்து’ என்று கொள்ள முடியாது என 2019இல் கூறியது. கணவரை இழந்த குடும்பத்துக்கு இது கடுமையான முடிவுதான். ஆனாலும், இயல்பாகத் தொற்றிய நோயையும் எதிர்பாராத விபத்தையும் பிரிக்கும் கோட்டை நீதிமன்றம் அங்கேதான் வரைந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பாலிசியின் வாசகத்துக்கு இரு பொருள் கொள்ள இடமிருந்தால், அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவும் பாலிசிதாரருக்குச் சாதகமாகவுமே பொருள் கொள்வது நெடுநாளாக நிலைத்த சட்டநெறி. ஆகவே நிராகரிப்புக் கடிதம் வந்தால், எந்த வரையறையின்படி மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் நிறைவளிக்காவிட்டால், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரான இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். புதிதாக வாங்குபவர்களுக்கோ பாலிசி கைக்கு வந்தபின் 30 நாள் அவகாசம் இருக்கிறது. வரையறைகளைப் படித்துவிட்டு, ஒத்துவராவிட்டால் அதற்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.