மரகதம்: சொல்லும் கல்லும்

நம் வீடுகளில் மரகதத்துக்குப் ‘பச்சை’ என்றுதான் பெயர். பச்சைக்கல் மோதிரம், பச்சை வைத்த அட்டிகை. எழுத்தில் மரகதம், கடை விளம்பரத்தில் எமரால்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்களைக் கேட்டால் எம்ரோத்.

மரகதம் வடமொழி வழியாக வந்த சொல். கிரேக்கத்தில் ‘ஸ்மராக்தோஸ்’, அது தேய்ந்துதான் எம்ரோத்தும் எமரால்டும் ஆயின. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ‘மின்னுதல்’ என்ற பொருள் தரும் செமித்திய வேர் இருப்பதாகப் பல மொழியியலார் கருதுகிறார்கள். தமிழாக்குவதாக எண்ணி எமரால்டை நீக்கி மரகதம் என்று எழுதுவது தம்பியை அனுப்பிவிட்டு அண்ணனைக் கூப்பிடுவதுதான். ஆனாலும் அண்ணன் தமிழில் வெகுகாலம் குடியிருந்தவர், இருக்கட்டும். தனித்தமிழ்தான் வேண்டும் என்றால் ‘பச்சை’ போதும்.

வேடிக்கை என்னவென்றால், மரகதம் சேர்ந்த கனிமக் குடும்பத்தின் பெயரான ‘பெரில்’ இங்கிருந்து போனது. பிராகிருத ‘வேளுரிய’தான் கிரேக்கத்தில் ‘பெரில்லோஸ்’ ஆனது. நம் வைடூரியமும் அதே சொல்தான். இன்று அது பூனைக்கண் கல்லைக் குறிக்கிறது.

சொல் இப்படி ஊர் சுற்றியதில் கெடுதல் இல்லை. புதுச்சேரி நேரு வீதியில் நகை வாங்கும்போது பில்லில் என்ன எழுதுகிறார்கள் என்பதுதான் கவலை. ‘பச்சைக்கல்’ என்று மட்டும் இருந்தால் அது மரகதமாகலாம், பெரிடாட் என்ற வேறொரு பச்சைக் கல்லாகலாம், சாயமேற்றிய ஓனிக்ஸ் கல்லாகலாம், வெறும் கண்ணாடியுமாகலாம். பச்சைக் கண்ணாடி மணி இந்தப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு, கல்மணியும் கண்ணாடி மணியும் செய்த ஊர்.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, நல்ல மரகதத்தை ‘ஏகையும் மாலையும் இருளொடு துறந்த’ கல் என்கிறது. கீற்று, கருமை போன்ற குற்றம் இல்லாதது என்று பொருள். இன்றைய கல் பரிசோதகரோ குற்றமே இல்லாத பெரிய கல்லைக் கண்டால்தான் முதலில் சந்தேகப்படுவார். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் இயற்கை மரகதத்துக்குள் பாசி படர்ந்தது போலக் கீற்றுகளும் நுண்துகள்களும் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘ழார்தேன்’, அதாவது தோட்டம் என்கிறார்கள். உருண்டையான காற்றுக்குமிழி தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடி. பின்பக்கத்துப் பட்டைகளின் விளிம்பு இரண்டிரண்டாகத் தெரிந்தால் பெரிடாட்டாக இருக்கலாம். ஆய்வகத்தில் வளர்த்த மரகதத்தை மட்டும் கண்ணால் பிரிப்பது கடினம். அதற்குச் சான்றிதழ்தான் வழி.

விலையில் நிறத்துக்கே முதலிடம். குரோமியமோ வனேடியமோ தரும் ஆழ்ந்த பச்சைக்கு மதிப்பு அதிகம், வெளிறினால் குறைவு. அடுத்தது தெளிவு, அதோடு எண்ணெய். கீற்றை மறைக்க மரகதத்துக்கு எண்ணெய் ஊட்டுவது உலக வழக்கம். எவ்வளவு ஊட்டினார்கள் என்பதைப் பொறுத்து விலை இறங்கும். எடை கேரட்டில், ஒரு கேரட் 200 மில்லிகிராம். மரகதத்தின் அடர்த்தி குறைவு (கன செ.மீ.க்குச் சுமார் 2.7 கிராம்) என்பதால் அதே எடை மாணிக்கத்தைவிட மரகதம் பார்வைக்குப் பெரிதாக இருக்கும். அளவை மட்டும் பார்த்து ஒப்பிட வேண்டாம்.

பில்லில் ‘இயற்கை மரகதம்’ என்று எழுதி, எடையையும் எண்ணெய் விவரத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய மோதிரத்தை மெருகுக்குக் கொடுத்தால், கல் மரகதம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். சுடுநீரிலோ அல்ட்ராசோனிக் தொட்டியிலோ போட்டால் எண்ணெய் கசிந்து கீற்றெல்லாம் வெளியே தெரியும்.