துணி போர்த்திய கார் ஏன் தொய்வதில்லை?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “பிஎம்டபிள்யூ நிறுவனம் துணியால் மூடிய கார் ஒன்றைச் செய்து காட்டியதாகப் படித்தேன். வெயில், மழை, காற்று என்று எல்லாவற்றிலும் ஓட வேண்டிய வண்டிக்குத் துணி எப்படித் தாங்கும்? நாலு மாதத்தில் பழைய பனியன் கழுத்து மாதிரி தொய்ந்து போகாதா?”

பனியன் கழுத்து என்ற அந்த உதாரணம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பதிலின் நுனி அதில்தான் இருக்கிறது. பனியன் கழுத்து ஏன் தொய்கிறது என்பது புரிந்தால் அந்தக் கார் ஏன் தொய்யவில்லை என்பதும் புரிந்துவிடும்.

முதலில் காரைப் பார்த்துவிடலாம். அதன் பெயர் ஜினா. 2008 ஜூனில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் அதை வெளியுலகுக்குக் காட்டினார்கள். அப்போது அந்த நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவராக இருந்தவர் கிறிஸ் பேங்கிள் என்ற அமெரிக்கர். காருக்குத் தோல் எதற்கு, அது உலோகமாகத்தான் இருக்க வேண்டுமா என்ற கேள்வியை அவரும் அவருடைய குழுவும் எடுத்துக்கொண்டார்கள். விற்பதற்காகச் செய்த வண்டி அல்ல அது, ஒரு யோசனையை நிஜமாகக் கட்டிப் பார்த்த கான்செப்ட் கார்.

உள்ளே அலுமினியச் சட்டகம். அதன்மேல் உலோகக் கம்பிகளும், சில இடங்களில் வளையக்கூடிய கார்பன் நாரிழைப் பட்டைகளும். எல்லாவற்றுக்கும் மேலே இழுத்துக் கட்டிய வெள்ளி நிறத் துணி. மொத்தமே நான்கு துண்டுகள்தான். முன்பக்க நுனியில் தொடங்கும் பெரிய துண்டு ஒரே விரிப்பாகக் கண்ணாடி வரை வந்து, பக்கவாட்டில் கதவின் பின் ஓரம் வரை போகிறது. கதவுக்கு முன்னால் இடைவெளிக் கோடே கிடையாது. கதவைத் திறந்தால் முழங்கையை மடக்கும்போது சட்டையில் விழுவதுபோல மடிப்பு விழுகிறது, மூடினால் மறைகிறது. ஹெட்லைட்டை மூடியிருக்கும் துணி கண் இமைபோல விலகுகிறது. பின்விளக்குகள் அணைந்திருக்கும்போது வெறும் துணிதான் தெரியும். எரியும்போது வெளிச்சம் துணியை ஊடுருவி வருகிறது.

சாதாரணக் காரின் பாடி எப்படி உருவாகிறது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். மெல்லிய எஃகுத் தகட்டை அச்சுக்குள் வைத்து ராட்சத பிரஸ்ஸில் அழுத்துகிறார்கள். எஃகை அதன் நீளத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு இழுத்துவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். அதைத் தாண்டினால் முழுதாகத் திரும்பாது. அச்சில் கொடுத்த வளைவு நிலைத்து நிற்பது அதனால்தான், தூணில் இடித்த நெளிசல் அப்படியே நிற்பதும் அதனால்தான். டிங்கரிங் கடையில் தட்டி நிமிர்த்திப் பட்டி பூசும் வேலைக்கெல்லாம் இந்த ஆயிரத்தில் ஓரிரு பங்குதான் காரணம்.

ஜினாவின் துணி அப்படியல்ல. அது ஸ்பான்டெக்ஸ், வணிகப் பெயரில் லைக்ரா. லெக்கிங்ஸிலும் நீச்சல் உடையிலும் இருக்கும் அதே நூல், பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் மேற்பூச்சுடன். தனி ஸ்பான்டெக்ஸ் நூலை அதன் நீளத்தைப்போல ஐந்து மடங்குக்கு இழுக்கலாம், விட்டால் திரும்பி வந்துவிடும். எங்கே ஆயிரத்தில் ஒரு பங்கு, எங்கே ஐந்து மடங்கு! அணுக்களை ஐந்து மடங்கு தூரம் விலக்கினால் அங்கே பொருளே மிஞ்சாது. அப்படியானால் நீள்வது எது, திரும்ப இழுப்பது எது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம். இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

ஸ்பான்டெக்ஸும் ரப்பரும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவை. பத்துக் கண்ணிகள் கொண்ட சங்கிலி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்ணியும் இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பலாம். கண்ணிக்கு இரண்டு வழி, ஆகவே மொத்தச் சங்கிலிக்கு 1,024 வழிகள். இதில் எல்லாக் கண்ணிகளும் வலப்பக்கமே நீட்டி நிற்க ஒரே ஒரு வழிதான் உண்டு. ஐந்து இடம், ஐந்து வலம் என்று அமைந்து, சங்கிலியின் இரு நுனிகளும் ஒரே இடத்தில் வந்து நிற்க 252 வழிகள் இருக்கின்றன. எந்த விசையும் இல்லை, யாரும் யாரையும் இழுக்கவில்லை. வெப்பத்தால் கண்ணிகள் ஓயாமல் அப்படியும் இப்படியும் திரும்பிக்கொண்டே இருக்கின்றன, அவ்வளவுதான். அப்படியிருக்கும்போது சங்கிலி நீண்டு நிற்பதைவிடச் சுருண்டு கிடப்பதற்கு 252 மடங்கு வாய்ப்பு.

இது பத்துக் கண்ணிக்கு. நூறு கண்ணி என்றால்? முழுதாக நீண்டு நிற்க அப்போதும் ஒரே வழி. நுனிகள் சேர்ந்து கிடக்கும் வழிகளோ 1-க்குப் பின்னால் 29 சுழியம் போட்ட எண்ணிக்கை. விட்டதும் சங்கிலி சுருள்வது ஏன் என்று இனிமேல் கேட்கத் தோன்றாது. சுருளாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஐந்து மடங்கு நீட்சிக்கும் இந்தக் கணக்கே விடை சொல்கிறது. இப்படித் தாறுமாறாகக் கிடக்கும் நூறு கண்ணிச் சங்கிலியின் இரு நுனிகளுக்கு இடையே சராசரியாக நூறின் வர்க்கமூலம், அதாவது பத்துக் கண்ணி அளவு தூரம்தான் இருக்கும். நேராக்கினால் நூறு. எந்தப் பிணைப்பையும் இழுத்து நீட்டாமலேயே, வெறுமனே சுருளை விரிப்பதாலேயே பத்து மடங்கு கிடைத்துவிடுகிறது.

சரி, இழுப்பவர் கைக்கு விசை தெரிகிறதே, அது எங்கிருந்து வருகிறது? பள்ளி மைதானத்தில் முப்பது குழந்தைகள் வரிசையாகக் கை கோத்து நிற்கிறார்கள். இரு முனைகளிலும் இரண்டு ஆசிரியர்கள் வரிசையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகள் சும்மா நிற்பார்களா? முன்னும் பின்னும் துள்ளுகிறார்கள், நெளிகிறார்கள். ஆசிரியரை இழுக்க வேண்டும் என்று ஒரு குழந்தையும் நினைக்கவில்லை. ஆனாலும் இரண்டு ஆசிரியர்களுக்கும் தாங்கள் உள்நோக்கி இழுக்கப்படுவது தெரியும். துள்ளல் கூடக்கூட இழுப்பும் கூடும்.

மூலக்கூறுகளின் துள்ளலுக்குப் பெயர் வெப்பம். ஆகவே ரப்பர் சூடானால் அது நம் கையை இன்னும் பலமாக உள்நோக்கி இழுக்க வேண்டும். இழுக்கும்போது அது சூடாக வேண்டும், சுருங்க விடும்போது குளிர வேண்டும். நம்பிக்கை வரவில்லையென்றால் அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டென்று நன்றாக இழுத்து, உடனே மேலுதட்டில் வையுங்கள். இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே அரை நிமிடம் காற்றில் பிடித்திருந்து, சட்டென்று தளரவிட்டு மறுபடி உதட்டில் வையுங்கள். சில்லென்று இருக்கும். எத்தனையோ முறை செய்து பார்த்திருக்கிறேன், இதை எழுத உட்காருமுன் மறுபடியும் செய்தேன். ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. இழுக்கும்போது நம் கை செய்த வேலை பிணைப்புகளில் சேமிப்பாகவில்லை, வெப்பமாக வெளியே வந்துவிட்டது. அந்த வெப்பத்தைத்தான் உதடு உணர்கிறது.

இதை முதலில் எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் கஃப். சிறு குழந்தையாக இருந்தபோதே பெரியம்மையில் பார்வையை இழந்தவர். செடிகளைத் தொட்டும் முகர்ந்தும் இனம் கண்டவர். அணுக்கொள்கை தந்த டால்டன் இவரிடம் கணிதம் படித்தார். ரப்பர் துண்டை உதட்டில் வைத்துச் சூட்டை உணர்ந்தது மட்டுமல்ல, எடை தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்குகிறது என்பதையும் கண்டு 1805-இல் வெளியிட்டார். அரை நூற்றாண்டு கழித்து, 1859-இல், இயற்பியலாளர் ஜூல் அதைத் துல்லியமாக அளந்து உறுதி செய்தார். காரணம் தெரியவோ இன்னும் வெகுகாலம் ஆனது. சங்கிலி மூலக்கூறு என்ற ஒன்று இருக்கிறது என்று ஜெர்மன் வேதியியலாளர் ஸ்டாடிங்கர் 1920-இல் சொன்னபோது வேதியியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. 1934-இல்தான் வெர்னர் கூனும், வியன்னாவில் கூத், மார்க் இருவரும் மேலே சொன்ன எண்ணிக்கைக் கணக்கைப் போட்டார்கள்.

ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கும் விண்ணப்பங்களில் ‘இதனால் சமூகத்துக்கு என்ன பயன், எத்தனை ஆண்டுகளில்?’ என்று ஒரு கட்டம் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜான் கஃப் நினைவுதான் வரும். உதட்டில் ரப்பரை வைத்துப் பார்த்தவர் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்? பயனுள்ள ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. காரணம் தெரியாத ஒன்றைக் காரணம் தெரியவேண்டும் என்பதற்காகவே தேடுகிறவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்கிறேன். அந்தப் பங்கு குறைந்துகொண்டே வருவது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

நூலுக்குத் திரும்புவோம். சுருளும் சங்கிலிகள் மட்டும் இருந்தால் போதாது. அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போய்விடும். புரோட்டா மாவை இழுத்தால் நீளும், ஆனால் திரும்பி வராது. சங்கிலிகளை அங்கங்கே முடிச்சுப் போட வேண்டும். ரப்பரில் அந்த முடிச்சைப் போடுவது கந்தகம். அப்படி முடிச்சிட்ட ரப்பரை அதன்பின் உருக்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது, ஆகவே மெல்லிய நூலாக நூற்பது கடினம்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வேலை செய்த ஜோசப் ஷிவர்ஸ். 1958-இல் அவர் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸில் ஒரே சங்கிலியில் இரண்டு விதமான பகுதிகள் மாறி மாறி வரும். நீளமான மென்பகுதி, அதுதான் சுருளும் துள்ளும். குட்டையான வன்பகுதி, அது பக்கத்துச் சங்கிலிகளின் வன்பகுதிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு என்ற மெல்லிய ஈர்ப்பால் ஒட்டிக் கட்டியாகிவிடும். அந்தக் கட்டிகள்தான் முடிச்சு. தகுந்த கரைப்பானில் போட்டால் முடிச்சுகள் அவிழ்ந்து எல்லாம் கரைசலாகிவிடும். அதை நுண்துளை வழியே பீய்ச்சிக் கரைப்பானை ஆவியாக்கினால் நூல், முடிச்சுகள் மறுபடி தாமாகவே விழுந்துவிடும். வேண்டியபோது அவிழ்கிற முடிச்சு! அந்த யோசனைக்கு எத்தனை பாராட்டுக் கொடுத்தாலும் தகும்.

இப்போது பனியன் கழுத்து. பருத்தி நாருக்கு இந்த நீட்சி கிடையாது. பனியன் துணி நீள்வது பின்னல் கண்ணிகள் நகர்ந்து கொடுப்பதால். நகர்ந்த கண்ணியைத் திரும்ப இழுக்க அங்கே ஆள் இல்லை, ஆகவே நகர்ந்தது நகர்ந்ததுதான். கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் சேர்த்துப் பின்னினால் அந்தக் கோடிக்கணக்கான சங்கிலிகளின் துள்ளல் ஒவ்வொரு கண்ணியையும் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். ஜினாவின் துணியைச் சட்டகத்தின்மேல் கட்டும்போதே இழுத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். அந்த இழுவிசை தீராமல் இருக்கும்வரை தொய்வுக்கு இடமில்லை.

வெயிலில் நின்றால்? கஃப் சொன்னது இங்கே கைகொடுக்கிறது. விசை தனிவெப்பநிலைக்கு, அதாவது சுழியத்துக்குக் கீழே 273 டிகிரியிலிருந்து எண்ணும் கெல்வின் அளவுக்கு, ஏற்பக் கூடும் என்பது கணக்கு. 27 டிகிரி செல்சியஸ் என்பது 300 கெல்வின், 57 டிகிரி என்பது 330. ஆகவே நன்கு இழுத்துக் கட்டிய துணியின் இழுப்பு பத்து விழுக்காடு வரை கூட வேண்டும். நிஜ நூலில் இது அத்தனை சுத்தமாக அமையாது, ஆனாலும் போக்கு இதுதான். இரும்பு விரியும் வெயிலில் இந்தத் துணி இறுகப் பார்க்கும்.

காற்று இதைவிடக் கடினமான எதிரி. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நேராக மோதும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 47 கிலோ எடை வைத்ததுபோல அழுத்தும். வளைந்த பானெட்டின்மேல் காற்று வேகமெடுக்கும் இடங்களில் அழுத்தம் குறைந்து, துணியை மேலே உறிஞ்சித் தூக்கப் பார்க்கும். தட்டையான துணி என்றால் இதில் படபடக்கும். மேடுபள்ளமாக உள்ள கம்பிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டினாலோ அது தானாகவே குதிரைச் சேணம்போல ஒரு திசையில் மேல்நோக்கியும் குறுக்குத் திசையில் கீழ்நோக்கியும் வளையும். காற்று மேலே தூக்கினால் ஒரு வளைவு இறுகித் தடுக்கும், கீழே அழுத்தினால் மற்றது தடுக்கும். மியூனிக்கில் பிஎம்டபிள்யூ அருங்காட்சியகத்துக்கு அருகிலேயே இருக்கும் 1972 ஒலிம்பிக் மைதானத்தின் கூடாரக் கூரையும் இதே வடிவக் கணக்கில்தான் நிற்கிறது. அதன் வடிவமைப்பில் பங்கு கொண்ட ஃப்ரை ஓட்டோ வாழ்நாளெல்லாம் இழுவிசையைப் படித்தவர்.

காருக்குத் துணி போர்த்துவது அடியோடு புதிது அல்ல. 1920-களில் விமானியான சார்ல்ஸ் வெய்மன் மரச்சட்டங்கள் ஒன்றையொன்று தொடாதபடி எஃகுத் தகடுகளால் இணைத்து, மேலே துணி போர்த்தி, கிரீச் சத்தமே வராத கார் பாடிகளைச் செய்தார். பளபளக்கும் பெயின்ட் அடித்த உலோக பாடிகள் வந்ததும் அவை மறைந்தன. செக்கோஸ்லோவாகியாவின் வெலோரெக்ஸ் மூன்று சக்கர வண்டியும் குழாய்ச் சட்டகத்தின்மேல் செயற்கைத் தோல் கட்டி ஓடியதுதான். ஆனால் அவையெல்லாம் வெறும் போர்வைகள். ஓடும்போதே வடிவம் மாற்றும் தோல் என்பதுதான் ஜினாவின் புதுமை.

பிறகு ஏன் அது சாலைக்கு வரவில்லை? இன்றைய கார்களில் வெளித் தகடுகளில் சிலவும் சுமை தாங்குகின்றன. துணி எதையும் தாங்காது, எல்லாப் பாரத்தையும் சட்டகமே ஏற்க வேண்டும். கத்தி பட்டால் கிழியும், வெளிச்சத்தம் உள்ளே வரும். இவற்றுக்கெல்லாம் வழி கண்டுபிடித்துவிடலாம். எனக்குப் பெரிய தடையாகத் தெரிவது புற ஊதாக் கதிர்தான். ஸ்பான்டெக்ஸின் மென்பகுதி பெரும்பாலும் ஈதர் வகைச் சங்கிலி, அதாவது கார்பன்களுக்கு நடுவே அங்கங்கே ஆக்சிஜன் வரும் சங்கிலி. அதிலுள்ள ஆக்சிஜனுக்குப் பக்கத்துக் கார்பன், ஒளியும் காற்றும் சேர்ந்து தாக்கினால் எளிதில் அறுபடும் இடம். மேற்பூச்சும் பாதுகாப்பு வேதிப்பொருள்களும் அதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. அறுந்த துண்டு முடிச்சுகளுக்கு நடுவே தொங்கினால் அதன் துள்ளல் யாரையும் இழுக்காது. வெயிலில் கொடியிலேயே பல மாதம் கிடந்த துணியின் எலாஸ்டிக்கையும், அதே வயதில் பீரோவுக்குள் இருந்த துணியின் எலாஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். வாசகர் கேட்ட அந்தத் தொய்வு, வருவதானால், இந்த வழியாகத்தான் வரும்.