நற்செய்திக்குப் பிறகு யார் பேசலாம்?

இறந்த ஒருவருக்கான முப்பதாம் நாள் பூசைக்கு, அதாவது திருப்பலிக்கு, அரை மணி நேரம் இருக்கும்போது அந்தப் பெரியவர் என்னைத் தேடி வந்தார். கோலார் தங்கவயலில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இறந்தவர் அவருடைய தங்கை கணவர். கோடு போட்ட தாளில் நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"உபதேசியாரே, நற்செய்தி வாசிச்சதும் சாமியாருக்குப் பதிலா நான் பேசறேன். சாமியாருக்கு எங்க மச்சானைத் தெரியாது. எனக்கு நாப்பது வருஷமா தெரியும்."

அவர் சொன்னது உண்மைதான். எங்கள் கோயிலின் குருவான பங்குத்தந்தை மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பெங்களூரில் தமிழ்ப் பூசை நடக்கும் கத்தோலிக்கப் பங்குகளில், கோயில் காரியங்களில் குருவுக்கு உதவும் உபதேசியாராக 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இதே கேள்வி திருமணப் பூசையில் வரும், வெள்ளி விழாவில் வரும், துக்கத்தில் கட்டாயம் வரும். "சட்டத்துல இடமில்லைங்க ஐயா" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் கேட்டவர் மனம் நோகும். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

திருச்சபைச் சட்டத்தின் 767-ஆவது எண் திருப்பலியில் மறையுரையை, அதாவது நற்செய்திக்குப் பின் வரும் பிரசங்கத்தை, குருவுக்கும் அவருக்கு அடுத்த பட்டம் பெற்ற திருத்தொண்டருக்கும் மட்டுமே ஒதுக்குகிறது. ஞாயிறும், பூசைக்குக் கட்டாயம் வர வேண்டிய கடன் திருநாளும் மக்கள் கூடிவரும் பூசையில், கனமான காரணம் இல்லாமல் அவர்கள் அதை விட்டுவிடவும் கூடாது. ஆகவே இது கடமையும்தான். மறையுரை வழிபாட்டின் நடுவே செருகி வைத்த சொற்பொழிவு அல்ல, வழிபாட்டின் ஒரு பகுதி என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் சொன்னது. பீடத்துப் பணிக்குத் திருநிலைப்பட்டவர் அந்தப் பணியின் தொடர்ச்சியாகவே வாசகங்களை விளக்குகிறார். நன்றாகப் பேசத் தெரிந்தவருக்குக் கொடுக்கும் மேடையாக இருந்தால் அந்தத் தலைமை ஆசிரியருக்குத்தான் முதலில் கொடுத்திருக்க வேண்டும்.

அப்புறம், அடக்கப் பூசையைப் பற்றித் திருப்பலி நூலின் பொது விதிமுறை ஒன்று சொல்கிறது. பலருக்குத் தெரியாது. சுருக்கமான மறையுரை இருக்கலாம், ஆனால் இறந்தவரைப் புகழும் உரை எதுவும் கூடாது. குருவுக்கும் சேர்த்துத்தான் இந்த விதி. "ஐயா, அந்த நேரத்துல பேசறது மச்சானைப் பத்தியே இல்ல. ஆண்டவர் உயிர்த்ததைப் பத்தி. அதுக்கு மச்சானைத் தெரிஞ்சிருக்கணும்னு இல்லை" என்றேன். பெரியவர் தாளை மடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

எங்கள் ஊரில் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மல்லேஸ்வரம் தூய பேதுரு குருமடம் தொடங்கிப் பெங்களூர் முழுக்கப் பயிற்சி இல்லங்கள். பங்குகளுக்கு, குருவாகப் படிக்கும் பிரதர்கள் வருவார்கள், பிள்ளைகளுக்கு அருமையாக மறைக்கல்வி நடத்துவார்கள். "இவரையே பிரசங்கம் வைக்கச் சொல்லுங்களேன்" என்று தாய்மார்கள் கேட்பார்கள். கூடாது. 2004-இல் வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுறுத்தல் குருமட மாணவர்களையும் இந்தத் தடையில் சேர்த்தே சொல்கிறது. திருத்தொண்டர் பட்டம் பெற்ற மறுநாளே அவர் மறையுரை ஆற்றலாம். இறையியலில் முனைவர் பட்டம் பெற்ற அருட்சகோதரிக்கும் இதே நிலைதான். மாப்பிள்ளையின் சித்தப்பா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பாஸ்டராக இருந்தாலும் கத்தோலிக்கத் திருப்பலியில் மறையுரை அவருக்கு இல்லை.

அப்படியானால் இந்தப் பட்டங்கள் பெறாத பொதுநிலையினர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? இல்லவே இல்லை. 1917-இன் பழைய சட்டம்தான் பொதுநிலையினர் யாரும், துறவியராக இருந்தாலும், கோயிலில் பிரசங்கம் செய்யக் கூடாது என்று தடுத்தது. 1983-இன் புதிய சட்டம் கதவைத் திறந்தது. தேவை இருந்தால், பயன் இருந்தால், ஆயர் பேரவையின் விதிகளின்படி பொதுநிலையினரும் கோயிலில் போதிக்கலாம் என்கிறது அதன் 766-ஆவது எண். திருப்பலி மறையுரை மட்டுமே விலக்கு. நவநாள், தியானம், சிலுவைப்பாதை, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம், துக்க வீட்டுச் செபம், குரு வர முடியாத இடத்து ஞாயிறு வழிபாடு என்று எவ்வளவு இடம் இருக்கிறது! அங்கே பேச ஆளில்லாமல் நான் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு அலைகிறேன். பூசையில் அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் போட்டி. இதுதான் என் மனதை வருத்துகிறது. சிறுவர் திருப்பலிக்கு 1973 முதலே ஒரு சலுகையும் உண்டு. பிள்ளைகளின் மொழியில் பேசுவது குருவுக்குக் கடினமாக இருந்தால், பங்குத்தந்தையின் இசைவோடு, நற்செய்திக்குப் பின் பெரியவர்களில் ஒருவர் பேசலாம்.

சாட்சியம் சொல்ல வேண்டிய தக்க காரணம் இருந்தால், நன்மைக்குப் (ஆண்டவரின் உடலாக அப்பத்தை வாங்குவதற்குப்) பிறகு வரும் மன்றாட்டு முடிந்ததும் சுருக்கமாகச் சொல்லலாம். பங்குத்தந்தையிடம் கேட்டேன், உடனே சரி என்றார். தலைமை ஆசிரியர் தாளைப் பார்க்கவே இல்லை. "எங்க மச்சான் சுரங்கத்துல இறங்கறதுக்கு முன்னாடி தலைவிளக்கைத் தொட்டு, அந்தக் கையாலேயே நெத்தியில சிலுவை போடுவாரு. 2001-ல சுரங்கத்தை மூடின பிறகும் வீட்டு டார்ச்சை எடுத்தா அப்படித்தான் செய்வாரு." மூன்று நிமிடம்தான். அந்த நான்கு பக்கத்தையும் சாயங்காலம் வீட்டுச் செபத்தில் முழுதாக வாசித்தார்.

சரி, கேட்பவர்கள் பக்கம் வருவோம். பல பங்குகளில் தமிழ்ப் பூசை முடிந்ததும் கன்னடப் பூசை, அதற்குப் பின் ஆங்கிலப் பூசை. மறையுரை நீண்டால் அடுத்த பூசைக்காரர்கள் வாசலில் காத்து நிற்பார்கள். எட்டு நிமிடத்துக்கு மேல் போனால் மக்கள் தூங்கிவிடுவார்கள் என்று 2024-இல் திருத்தந்தை பிரான்சிஸே சொன்னார். குருக்கள் அதை மனதில் வைக்கட்டும். ஆனால் மறையுரை தொடங்கியதும் வெளியே போய், விசுவாசப் பிரமாணத்துக்குத் திரும்பி வரும் ஆண்களுக்கு எந்தச் சமாதானமும் இல்லை. அதற்கு முன் வாசித்த மூன்று வாசகங்களும், விளக்கம் கேட்காததால், அவர்களுக்கு எட்டாமலே போய்விடுகின்றன.

நன்மை வாங்குவது இன்னும் முக்கியம். ஒரு மணி நேர உபவாசம் இப்போதும் உண்டு. தண்ணீரும் மருந்தும் மட்டும் தடையில்லை, முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. ஒரு திருமணத்தில் மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர் ஒருவர் வரிசையோடு வரிசையாக வந்தார். கையில் வாங்கி, இரண்டு கண்களிலும் ஒற்றி, பயபக்தியோடு சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கோயில் பிரசாதத்தை அம்மாவுக்குக் கொண்டுபோவது போல. அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. ஓடிப்போய், தோளைத் தொட்டு, ஓரமாக அழைத்து, "இது எங்களுக்கு ஆண்டவரின் உடல், மன்னிக்கணும்" என்று கேட்டு வாங்கினேன். அவர் கண் கலங்கிவிட்டது.

அதனால் இப்போது திருமண வீட்டார் முதல் சந்திப்புக்கு வந்ததுமே இரண்டு கேள்வி கேட்டுவிடுகிறேன். பூசையில் யாராவது பேச ஆசைப்படுகிறார்களா? மற்ற மதத்து நண்பர்கள் எத்தனை பேர் வருவார்கள்? பேசுபவருக்கு நன்மைக்குப் பிறகு மூன்று நிமிடம், அதுவும் பங்குத்தந்தை சம்மதித்தால். நண்பர்களுக்காக, நன்மை வழங்கும் முன் மைக்கில் இப்படிச் சொல்கிறேன்: "கத்தோலிக்கர் அல்லாத நம் அன்பு உறவுகள் இருந்த இடத்திலேயே அமர்ந்து, மணமக்களுக்காகச் செபிக்கும்படி அன்போடு வேண்டுகிறோம்."