ட்ரை பேக் வாங்கப் போகிறீர்களா? தையலைப் பாருங்கள்

கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டுகிற ஒடுக்கமான சின்னப் படகு, ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் நான், ஈ.சி.ஆர். பக்கம். வருகிறவர்களில் பாதிப் பேர் தோளில் ஒரு 'வாட்டர்ப்ரூஃப்' பையோடுதான் வருகிறார்கள், பார்த்தால் பெரும்பாலும் மழையில் பைக்கில் போகும்போது லேப்டாப்பைக் காப்பாற்றுகிற பை. மழை வேறு, கவிழ்ந்த கயாக் வேறு, அதற்குத்தான் தண்ணீரில் விழுந்தாலும் உள்ளே இருப்பதை நனையவிடாத ட்ரை பேக். மழைத் தண்ணீர் மேலே விழுந்து வழிந்துவிடும். கவிழ்ந்தால் தண்ணீர் நாலு பக்கமும் அழுத்தும், எங்கே சந்து கிடைத்தாலும் புகுந்துவிடும்.

அந்தச் சந்து துணியில் இருப்பது அபூர்வம். தையலிலும் வாயிலும்தான் இருக்கும். கடையிலேயே பையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஊசி போன ஓட்டை வரிசையாகத் தெரிந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். தையல் மேல் டேப் ஒட்டியிருந்தால் கொஞ்ச காலம் தாங்கும், வெயில் பட்டு டேப் உரிய ஆரம்பித்தால் அவ்வளவுதான். விளிம்புகளைச் சூட்டில் ஒட்டி வெல்டிங் செய்ததாகக் கேட்டு வாங்குங்கள். பி.வி.சி. தார்ப்பாயில் செய்தது கனம், ஆனால் உப்பங்கழியில் சிப்பி ஒட்டிய கல்லில் உரசினாலும் தாங்கும். டி.பி.யு. என்கிற வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் பூசிய நைலான் லேசு, விலை கூட.

வாய்க்கு ரோல்-டாப், அதாவது வாயைச் சுருட்டி மூடுகிற வகை, போதும். சாதாரண ஜிப் வைத்தது வேண்டவே வேண்டாம். ஆனால் நல்ல பையிலும் தண்ணீர் போவதை அடிக்கடி பார்க்கிறேன், ஏனென்றால் ஒரே ஒரு மடிப்பு மடித்து பக்கிளை மாட்டிவிடுகிறார்கள். வாயில் இருக்கிற இரண்டு பட்டையையும் சுருக்கமில்லாமல் சேர்த்துப் பிடித்து, ஒரே பக்கமாக மூன்று நான்கு முறை இறுக்கமாகச் சுருட்டி, அப்புறம் இரண்டு முனையையும் சுருட்டியதற்கு எதிர்ப்பக்கமாக வளைத்து மாட்ட வேண்டும். இந்த மடிப்புக்கே நிறைய இடம் போய்விடும், அதனால் 10 லிட்டர் பையில் 10 லிட்டர் சாமான் அடைக்க முடியாது. உள்ளே கொஞ்சம் காற்று இருக்கட்டும், தண்ணீரில் விழுந்தால் பை மிதக்கும். நிறம் மஞ்சளோ ஆரஞ்சோ நல்லது. கறுப்புப் பை வெயிலில் கொதிக்கும், தண்ணீரில் கண்ணுக்கும் படாது.

சோதிப்பது சுலபம். வீட்டில் காற்றோடு மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கித் தையல் ஓரமாகப் பாருங்கள், குமிழ் வருகிற இடம்தான் ஓட்டை. இவ்வளவு செய்தாலும் ரோல்-டாப் என்பது அலையடிப்புக்கும் சட்டென்று முங்கி எழுவதற்கும்தான், மணிக்கணக்கில் தண்ணீருக்கடியில் கிடக்க அல்ல.

லேபிளில் ஐ.பி.எக்ஸ்.7 என்று, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கான தரக் குறியீடு, இருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கியது என்று பொருள், அதுவும் அசையாத நல்ல தண்ணீரில். வேகமாகப் பீய்ச்சியடிக்கிற தண்ணீருக்கு ஐ.பி.எக்ஸ்.6 என்று தனிச் சோதனை இருக்கிறது. 7 இருப்பதாலேயே 6-ம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. "என் போன் ஐ.பி.68, பையே வேண்டாம்" என்கிறவர்களுக்கும் இதே பதில்தான், அந்தச் சோதனையில் உப்புத் தண்ணீர் கிடையாது.

போனை விடப் பெரிய தலைவலி கார் சாவி. ரிமோட் சாவி நனைந்தால் வண்டியே திறக்காமல் நிற்க வேண்டியதுதான். சாவி, இன்ஹேலர், மாத்திரை எல்லாவற்றையும் தனியாக ஒரு ஜிப்லாக் கவரில் போட்டு, அதைப் பைக்குள் வையுங்கள்.

பையை முதுகிலோ கழுத்திலோ மாட்டிக்கொண்டு உட்காராதீர்கள், இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். கவிழும்போது வார் எதிலாவது சிக்கினால் ஆபத்து உங்களுக்கு. கயாக்கில் இருக்கிற வளையத்தில் ஒரு கொக்கியால் மாட்டிவிடுங்கள், நீளமான கயிறு வேண்டாம். கரைக்கு வந்ததும் பையை நல்ல தண்ணீரில் அலசி, வாயைத் திறந்து நிழலில் தொங்கவிடுங்கள்.

சரி, எல்லாம் மீறி போன் நனைந்துவிட்டது என்றால் உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் மட்டும் போடாதீர்கள். அரிசியில் புதைக்கவும் வேண்டாம், அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. உப்புத் தண்ணீரில் விழுந்ததென்று சொல்லி அன்றைக்கே சர்வீஸில் கொடுங்கள்.