கிரெசெக்: நெல்லு நாத்தைக் கருக்குற நோய்க்கு இந்தப் பேரு எங்கேர்ந்து வந்துச்சு?

நெல்லு நோய்களப் பத்தி எந்தக் கையேட்ட எடுத்தாலும் பாக்டீரியா இலைக்கருகல்னு ஒரு பகுதி இருக்கும், அதுக்கு நடுவுல எங்கயாவது 'கிரெசெக்'னு ஒரு சொல் வந்து நிக்கும். அது என்ன பாஷை, என்ன அர்த்தம்னு பெரும்பாலும் சொல்ல மாட்டாங்க. இங்கிலீஷா இருக்கும்னோ, யாரோ ஒரு விஞ்ஞானி பேரா இருக்கும்னோ நெனச்சுக்கலாம். ரெண்டுமே இல்ல, இது ஜாவாத் தீவுப் பேச்சுலேர்ந்து வந்த சொல்.

காஞ்ச இலை ஒண்ணோட ஒண்ணு உரசுனா ஒரு சத்தம் வருதே, அந்தச் சத்தம்தான் கிரெசெக். நாம சரசரன்னு சொல்றோம், அவங்க கிரெசெக்குங்குறாங்க, ரெண்டுமே ஒலிக்குறிப்பு. இந்தோனேசியாவுல கடைல குடுக்குற மெல்லிசு பிளாஸ்டிக் பைக்கும் இந்தப் பேருதான், கைல எடுத்தா சத்தம் போடுதுல்ல, அதனால. நட்ட நாத்து தூரோட செத்துக் காஞ்சு சருகா நிக்குற வயலுக்கு இதைவிடப் பொருத்தமா பேரு கெடைக்காது. 1950ல ஜாவாவுல இருக்குற போகோர் ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து ரைட்ஸ்மா, ஸ்கூர-ன்னு ரெண்டு பேரு இதை ஒரு பாக்டீரியா நோய்னு எழுதுனப்போ அந்த ஊர்ச் சொல்லையே தலைப்புல வச்சுட்டாங்க, அங்கேர்ந்து உலகம் பூரா பரவிருச்சு.

ஆனா அப்போ இதை ஒரு தனி நோய்னுதான் நெனச்சாங்க, கிருமிக்குக் கூட கிரெசெக் பேரையே வச்சாங்க. 1964லதான் கோட்டோங்குற ஜப்பான் ஆராய்ச்சியாளர் இது வேற ஒண்ணுமில்ல, ஜப்பான்ல ரொம்ப நாளா தெரிஞ்ச இலைக்கருகலோட அதே பாக்டீரியாதான்னு காட்டுனாரு. வளந்த பயிர்ல வந்தா இலைக்கருகல், நட்டு ஒண்ணுலேர்ந்து மூணு வாரத்துக்குள்ள நாத்துல வந்தா கிரெசெக், அவ்ளோதான் வித்தியாசம். கிரெசெக்தான் ரொம்ப மோசம், ஏன்னா இலை மட்டும் போகாது, குத்தே, அதாவது சேத்து நட்ட நாத்துக் கொத்தே மொத்தமாப் போயிரும்.

ஜப்பான் கதையும் தெரிஞ்சுக்க வேண்டியதுதான். 1884ல கியூஷு தீவுல ஃபுகுவோகா பக்கம் விவசாயிங்கதான் இதை மொதல்ல கவனிச்சாங்க. மண்ணுல புளிப்புத் தன்மை கூடிப் போச்சு, அதான் இலை காயுதுன்னு ரொம்ப வருசம் நம்பிக்கிட்டு இருந்தாங்க. 1909ல காலைல இலை நுனில நிக்குற பனித்துளி கலங்கலா இருக்கேன்னு எடுத்துப் பாத்தா அதுக்குள்ள கூட்டம் கூட்டமா பாக்டீரியா! அதுக்கப்புறம் பொகுராங்குறவரு அதைப் பிரிச்செடுத்து வளத்து பேரு வச்சாரு. பேரு பல தடவை மாறி 1990லேர்ந்து சாந்தோமோனாஸ் ஒரைசே, அதுல ஒரைசேங்குற நோய்வகைன்னு நிலைச்சிருக்கு. சாந்தோஸ்னா கிரேக்கத்துல மஞ்சள், மோனாஸ்னா தனி அலகு, ஒரைசான்னா நெல்லு. ஆய்வுக்கூடத் தட்டுல வளத்தா மஞ்ச மஞ்சளா வரும், அதான் காரணம்.

சரி, இது எப்படித்தான் நாத்தைக் கொல்லுது? பூஞ்சை மாதிரி இலைத்தோலத் துளைச்சுக்கிட்டு நுழையுற சக்தி இதுக்குக் கெடையாது. வழி திறந்திருக்கணும். இலை ஓரத்துல இயற்கையாவே நீர்த்துளைங்க இருக்கு, ராத்திரி இலைலேர்ந்து தண்ணி கசியுறது அது வழியாத்தான், அந்தத் துளிய இலை திரும்ப உள்ள இழுக்கும்போது பாக்டீரியாவும் உள்ள போயிரும். இல்லன்னா காயம் வழியா போகும். நாத்தங்கால்ல பறிக்கும்போது வேர் அறும், நாத்தைக் கட்டுக்கட்டா முடி கட்டி நடுறதுக்கு முன்னாடி நுனியக் கிள்ளி விடுற பழக்கம் வேற இருக்கு. குருத்துப்பூச்சி முட்டை நுனிலதான் இருக்கும், அதனால கிள்ளுறதுல ஒரு நியாயம் உண்டு, ஆனா இந்த நோய் நடமாடுற இடத்துல அந்தக் கிள்ளுன வாய்தான் கிருமிக்கு வாசல், அங்க கிள்ளவே கூடாது.

உள்ள போனதும் தண்ணி ஏறுற குழாய்லயே குடியிருந்து பெருகும், கொழகொழன்னு ஒரு பசையச் சுரந்து குழாயையே அடைச்சிரும். அதோட ஊசி போடுற மாதிரி சில புரதங்கள நெல்லு செல்லுக்குள்ள செலுத்தும், அந்தப் புரதம் நேரா போயி நெல்லோட சொந்த ஜீன் ஒண்ணைத் தட்டி எழுப்பும். எந்த ஜீன் தெரியுமா, செல்லுக்குள்ள இருக்குற சர்க்கரைய வெளிய விடுற ஸ்வீட் வகை ஜீன். அதாவது பயிரையே தனக்குச் சோறு போட வச்சிருது. இதை மொதத் தடவ படிச்சப்போ எனக்கு ரொம்ப நேரம் வேற வேலையே ஓடல. சில நெல்லு ரகத்துல அந்த ஜீனோட முன்பகுதி மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும், கிருமியோட புரதத்தால அங்க ஒட்ட முடியாது, ஜீன் எழும்பாது, நோய் அடங்கிரும். எக்ஸ்ஏ13ன்னு சொல்ற எதிர்ப்பு ஜீன் அதுதான். நம்ம ஊர்ல ஆந்திரா பொன்னின்னு சொல்ற பிபிடி 5204, அதாவது சம்பா மசூரி, இந்த நோய்க்கு ரொம்ப சுலபமா மாட்டுற ரகம், ஹைதராபாத் ஆராய்ச்சியாளர்கள் அதுல எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 மூணையும் சேத்து 2008ல இம்ப்ரூவ்டு சம்பா மசூரியா வெளியிட்டாங்க.

இப்போ தமிழ்ச் சொல்லுக்கு வரேன். கிரெசெக்குக்கு நம்ம பக்கம் 'நாற்று வாடல்'னு எழுதுறாங்க. வாடல்ங்குறது தப்பான வர்ணனை இல்ல, இலை சாம்பல் கலந்த பச்சையாகி சுருண்டு தொங்கித்தான் சாகும். ஆனா வாடுதுன்னு சொன்னா விவசாயி காதுல என்ன விழும்? தண்ணி பத்தல. உடனே மடையத் திறந்து விடுவாரு. இந்த நோய் பரவுறதே தண்ணி மூலமாத்தான், வயல்ல தேங்குன தண்ணிய வடிக்கணும், நோய் வந்த வயல் தண்ணி அடுத்த வயலுக்குப் போகாமப் பாக்கணும், அந்த நேரத்துல பேரே ஆளைத் தப்பான பக்கம் தள்ளுது. அதனால 'பாக்டீரியா நாற்றுக் கருகல்'னு சொல்றதுதான் சரின்னு நான் உறுதியா நெனைக்கிறேன், இலைக்கருகலோட சொந்தம்ங்குறதும் அதுலயே தெரிஞ்சிரும்.

பாக்டீரியாவத் தூக்கிட்டு நுண்ணுயிரின்னு போடலாமேன்னு கேக்கலாம். நுண்ணுயிரின்னா பூஞ்சையும் அதுல அடக்கம், இங்க அந்த வித்தியாசம்தான் முக்கியமே. இலங்கைப் பாடப்புத்தகத்துல பற்றீரியான்னு எழுதுவாங்க, எப்படி எழுதுனாலும் அந்தச் சொல்ல விடக் கூடாது. மருந்துக்கடைல ப்ளாஸ்ட், ப்ளைட் ரெண்டும் காதுக்கு ஒண்ணாத்தான் விழும், ப்ளைட்னா கருகல், ப்ளாஸ்ட்னா குலைநோய், அது பூஞ்சை, அதுக்குக் குடுக்குற ட்ரைசைக்ளசோல் பாக்டீரியாவ ஒண்ணும் செய்யாது, காசும் போச்சு நாளும் போச்சு.

குருத்துப்பூச்சியா கிரெசெக்கான்னு குழம்புனா, காஞ்ச நாத்த இழுத்துப் பாருங்க. நடுக்குருத்து மட்டும் சுலபமா உருவிக்கிட்டு வந்து அடில கடிச்ச தடம் இருந்தா பூச்சி. வரலன்னா குத்தைப் பிடுங்கி தூர்ப்பக்கம் வெட்டி வெரலால அமுக்குங்க, மஞ்சளா கொழகொழன்னு கசிஞ்சா பாக்டீரியா. கண்ணாடி டம்ளர்ல சுத்தமான தண்ணிய வச்சு வெட்டுன பக்கத்த அதுல முக்குனா கொஞ்ச நேரத்துல புகை இறங்குற மாதிரி கலங்கல் எறங்கும். அது தெரிஞ்சா மொதல்ல யூரியாவ நிறுத்துங்க, தண்ணிய வடிங்க, 20 சதவீத பச்சைச் சாணிக் கரைசல வடிகட்டித் தெளிங்க, 15 நாள் விட்டு இன்னொரு தடவ.