வாயடைப்புப் பணம்: சொல் விளக்கம்

ஒருவர் தமக்குத் தெரிந்த செய்தியை வெளியில் சொல்லாமல் இருப்பதற்காகக் கொடுக்கப்படும் தொகையை ஆங்கிலத்தில் 'ஹஷ் மணி' என்பர். பேசுவோரை அடக்க எழுப்பும் 'உஷ்' போன்ற ஒலியிலிருந்து 'ஹஷ்' பிறந்தது. 'ஹஷ் மணி' என்ற தொடர் 1709இலேயே எழுத்தில் பதிவாகியுள்ளது.

தமிழில் இதற்கு 'வாயடைப்புப் பணம்' என்பதே பொருந்தும். 'வாய்ப்பூட்டு' என்றால், வாய்ப்பூட்டுச் சட்டம் என்பதைப் போல, அதிகாரம் மேலிருந்து விதிக்கும் தடை நினைவுக்கு வரும். 'மௌனப் பணம்' என்பதில் கொடுப்பவரின் நோக்கம் தெரிவதில்லை. 'கையூட்டு' என்று எழுதுவதோ பெரும்பிழை. கையூட்டு பொதுப் பணியில் இருப்பவரின் கடமையை விலைக்கு வாங்குவது. வாயடைப்புப் பணம் பெறுபவர் எந்தப் பதவியிலும் இல்லாத தனிமனிதராக இருக்கலாம். 'கொடுக்காவிட்டால் சொல்லிவிடுவேன்' என்று மிரட்டிப் பணம் பறிப்பது வேறொரு குற்றம்.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குச் சட்டமே காரணம். அமெரிக்காவில், இருவர் மனமொப்பி, பணத்துக்கு ஈடாக ஒரு செய்தியை வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொள்வது பொதுவாகக் குற்றமன்று. சாட்சியின் வாயை அடைக்கக் கொடுத்தால், கொடுத்ததே குற்றமாகும். அதிபர் நிக்சன் காலத்தில், எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் அத்துமீறிப் புகுந்தது பற்றிய வாட்டர்கேட் வழக்கில், கைதானவர்கள் பேசாமலிருக்க அவர்களுக்குப் பணம் போனது நீதிக்கு இடையூறு செய்ததாகவே கருதப்பட்டது. பிற நிலைகளில், பணம் எங்கிருந்து வந்தது, கணக்கில் எப்படி எழுதப்பட்டது என்பவையே பெரும்பாலும் வழக்காகின்றன.

டொனால்டு டிரம்ப் வழக்கு இதற்குத் தெளிவான சான்று. 2016 அக்டோபரில், தேர்தலுக்குச் சில நாள்களே இருந்தபோது, அவருடைய வழக்கறிஞர் மைக்கேல் கோஹன், டிரம்புடன் தமக்கு உறவு இருந்ததாகச் சொன்ன நடிகை ஸ்டார்மி டேனியல்ஸுக்கு, அதை வெளியில் சொல்லாமலிருக்க 1,30,000 டாலர் கொடுத்தார். 2017இல் அத்தொகை கோஹனுக்குத் திருப்பித் தரப்பட்டபோது அது வழக்கறிஞர் கட்டணம் என்று பதிவானது. நியூயார்க்கில் வணிகப் பதிவேட்டைப் பொய்யாக எழுதுவது சிறுகுற்றம். வேறொரு குற்றத்தைச் செய்யவோ மறைக்கவோ அப்படி எழுதினால் பெருங்குற்றம். சட்டவிரோத வழியில் தேர்தலில் ஒருவரை வெற்றிபெறச் செய்யும் சதியே அந்த வேறொரு குற்றம் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 11 கட்டணச் சீட்டுகள், 12 பேரேட்டுப் பதிவுகள், 11 காசோலைகள் என 34 குற்றச்சாட்டுகளிலும் 2024 மே 30 அன்று நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. 2025 ஜனவரி 10 அன்று, நீதிபதி அவருக்குத் தண்டனை எதுவும் விதிக்காமல் விட்டார்; குற்றவாளி என்ற முடிவை அது நீக்கவில்லை. ஊடகங்கள் 'வாயடைப்புப் பண வழக்கு' என்று அழைத்தாலும், அது பதிவேட்டுப் பொய்மை வழக்கு என்பதைத் தமிழில் எழுதுவோர் ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும்.

கூட்டாட்சித் தேர்தல் நிதிச் சட்டத்தின் கேள்வி இன்னும் கடினமானது. வேட்பாளரைக் காப்பாற்றக் கொடுத்த பணம் தேர்தல் நன்கொடையா, அவருடைய குடும்ப மானத்தைக் காக்கும் சொந்தச் செலவா? நன்கொடை என்றால் 2016இல் தனிநபருக்கான வரம்பு ஒரு தேர்தலுக்கு 2,700 டாலர் மட்டுமே. 2012இல், முன்னாள் செனட்டர் ஜான் எட்வர்ட்ஸின் வழக்கில் இதே கேள்வி எழுந்தபோது, நடுவர் குழு ஒரு குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. மற்ற ஐந்தில் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை. கோஹனோ 2018இல் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டதால், அவர் வழக்கில் அக்கேள்வி விசாரணைக்கே வரவில்லை.